குத்தாமல் குத்துவது எப்படி?

மாத்திரைக்குப் போலி செய்வது சுலபம். அதே நிறம், அதே அளவு, அதே லேசான கசப்பு; உள்ளே மருந்து மட்டும் இருக்காது. விழுங்குபவருக்கும் வித்தியாசம் தெரியாது, எடுத்துக் கொடுக்கும் நர்ஸுக்கும் தெரியாது. அக்குபஞ்சரில் இது நடக்குமா? ஊசி ஏறினால் நோயாளிக்குத் தெரியும், ஏறாவிட்டாலும் தெரியும். குத்துகிறவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். குத்தியது போலவும் இருக்க வேண்டும், குத்தியிருக்கவும் கூடாது. இந்த விசித்திரமான தேவைக்காக ஆய்வாளர்கள் பல வருடங்களாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்த சில தந்திரங்களைப் பார்த்தால் மேஜிக் செய்பவர்களுக்கே பொறாமை வரும்.

அக்குபஞ்சர் பலிக்குமா என்ற கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: எதோடு ஒப்பிட்டு? அந்த ‘எதோடு’ எப்படித் தயாராகிறது என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில், போலி எதற்கு? முதுகு வலிக்காரர் ஒருவர் எப்போது வைத்தியரைத் தேடிப் போகிறார் என்று யோசித்துப் பாருங்கள். வலி ஓரளவு இருக்கும் நாளில் போகமாட்டார். தாங்க முடியாமல் போகிற வாரத்தில்தான் போவார். ஏறி இறங்கும் எந்த வலியும் உச்சத்துக்குப் போனபின் பெரும்பாலும் இறங்கவே செய்யும். அந்த வாரம் அவர் ஊசி குத்திக்கொண்டிருந்தாலும், தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாலும், சும்மா படுத்துக் கிடந்தாலும் அடுத்த வாரம் கொஞ்சம் தேவலை என்றுதான் சொல்வார். பாராட்டு மட்டும் கடைசியாகச் செய்ததற்குப் போய்ச் சேரும். இதோடு, யாரோ ஒருவர் அக்கறையாக விசாரித்து, படுக்க வைத்து, அரை மணி நேரம் கவனித்ததால் வரும் ஆறுதலும் உண்டு. ‘இதில் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கையும் உண்டு. இத்தனையையும் கழித்த பிறகு ஊசிக்கென்று தனியாக ஏதாவது மிஞ்சுகிறதா என்று பார்க்கத்தான் போலி.

அதனால்தான் ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்கு நிஜ சிகிச்சையும் இன்னொன்றுக்குப் போலியும் கொடுக்கிறார்கள். தமிழில் இதற்கு ‘மருந்துப்போலி’ என்று நல்ல சொல் இருக்கிறது. ஊசி மருந்தல்ல என்பதால் நான் வெறுமனே ‘போலி’ என்றே எழுதுகிறேன்.

இதன் ஆதி உதாரணம் ஊசிக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. 1796இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டைச் சேர்ந்த எலைஷா பெர்க்கின்ஸ் என்ற மருத்துவர், கூரான இரண்டு உலோகக் குச்சிகளுக்குக் காப்புரிமை வாங்கினார். வலிக்கும் இடத்தில் அவற்றை வைத்துத் தோலின் மேல் இழுத்தால் வலி போய்விடும் என்றார். குச்சிகள் அட்லாண்டிக்கைத் தாண்டி இங்கிலாந்திலும் அமோகமாக விற்றன. பாத் நகரில் இருந்த ஜான் ஹேகார்த் என்ற மருத்துவருக்கு நம்பிக்கை வரவில்லை. 1799இல் அவர் மரத்தில் அதே வடிவக் குச்சிகளைச் செய்து, உலோகம் போலத் தெரிய வண்ணம் பூசி, நாள்பட்ட மூட்டு வலிக்காரர்கள் ஐந்து பேர் மேல் இழுத்துப் பார்த்தார். நாலு பேர் வலி குறைந்தது என்றார்கள். மறுநாள் நிஜ உலோகக் குச்சிகள். முடிவு ஏறக்குறைய அதேதான்.

ஹேகார்த் செய்ததில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெர்க்கின்ஸ் எதைக் காரணம் என்றாரோ (உலோகம்) அதை மட்டும் உருவினார். குச்சியின் வடிவம், தோலில் இழுப்பது, மருத்துவரின் முக பாவம் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவைத்தார். நல்ல போலி என்பது இதுதான்: எது வேலை செய்வதாகச் சொல்லப்படுகிறதோ அதை மட்டும் எடுத்துவிட்டு மற்ற எதையும் அசைக்காமல் இருப்பது.

அக்குபஞ்சருக்கு இதைப் பொருத்திப் பார்க்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அங்கே ‘எது வேலை செய்கிறது’ என்பதற்கு ஒரே பதில் கிடையாது. அந்த மரபு உடம்பில் குறித்து வைத்திருக்கும் இடங்களில், அதாவது ‘புள்ளிகளில்’, சரியானதில் குத்துவதுதான் விஷயம் என்பார் ஒருவர். ஊசி தசைக்குள் போய் நரம்பைத் தூண்டுவதுதான் என்பார் இன்னொருவர். ஊசியைத் திருகும்போது வரும் கனமான, மரத்துப்போகிற, இழுக்கிற உணர்ச்சி வந்தாக வேண்டும் என்பார்கள் சீன மரபில் ஊறியவர்கள். அதற்கு ‘தே-ச்சி’ என்று பெயர். நாடி பார்த்து ஆளுக்கு ஆள் வேறு புள்ளி தேர்ந்தெடுப்பதுதான் உயிர்நாடி என்பவர்களும் உண்டு. எதை உருவுகிறோமோ அதற்கேற்பப் போலியும் மாறும். ஒரே நோய், ஒரே ஊசி, நாலு விதமான போலிகள், நாலு விதமான கேள்விகள்.

புள்ளிதான் முக்கியம் என்றால் போலி எளிது: புள்ளி இல்லாத இடத்தில் குத்தலாம். ஆரம்ப கால ஆய்வுகள் பல இப்படித்தான் செய்தன. ஊசி நிஜம், குத்து நிஜம், இடம் மட்டும் தப்பு. நோயாளிக்குச் சந்தேகமே வராது. ஆனால் உடம்பில் புள்ளி இல்லாத இடம் எது? உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலேயே 361 புள்ளிகள் இருக்கின்றன. இவை போதாதென்று, எங்கே அழுத்தினால் வலிக்கிறதோ அதையே புள்ளியாக எடுத்துக்கொள்ளும் வழக்கமும் அந்த மரபில் உண்டு. முதுகு வலிக்காரரின் முதுகில் எங்கே கை வைத்தாலும் ஏதோ ஒரு புள்ளிக்குப் பக்கத்து வீடாகத்தான் இருக்கும்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று. ஊசி எங்கே குத்தினாலும் உடம்பு அதைக் கவனிக்கும். ஓரிடத்தில் புதிதாக வலித்தால் வேறு இடத்தில் ஏற்கெனவே இருக்கும் வலி சற்று மங்கும். இது உடலியலில் நன்கு அறியப்பட்ட விஷயம், 1970களின் கடைசியிலேயே விலங்குகளில் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே ‘தப்பான இடத்துக் குத்து’ என்பது சர்க்கரை மாத்திரை மாதிரி இல்லை, குறைந்த அளவு மருந்து போட்ட மாத்திரை மாதிரி. இரண்டும் ஒரே பலன் தந்தால் ‘அக்குபஞ்சர் போலிக்குச் சமம்’ என்று சொல்லலாம், ‘போலியும் அக்குபஞ்சர்தான்’ என்றும் சொல்லலாம். இரண்டு கட்சியும் ஒரே தாளைக் காட்டி வாதாடும். வாதாடியும் இருக்கிறார்கள்.

சிலர் நடுவழி எடுத்தார்கள். இடமும் தப்பு, ஆழமும் கம்மி. ஜெர்மனியில் நடந்த பெரிய முதுகு வலி ஆய்வில் (அதற்கு அப்புறம் வருகிறேன்) நிஜ ஊசிகள் 5 முதல் 40 மில்லிமீட்டர் வரை போயின; போலி ஊசிகள் 1 முதல் 3 மில்லிமீட்டரோடு நின்றன. தோலைத் தாண்டவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் குத்து குத்துதானே.

அப்படியானால் குத்தவே குத்தாத ஊசி வேண்டும். 1998இல் லான்செட் இதழில், ஹைடல்பர்க்கைச் சேர்ந்த ஸ்ட்ரைட்பெர்கர், க்ளைன்ஹென்ஸ் என்ற இருவர் ஒரு கருவியை அறிமுகப்படுத்தினார்கள். நாடகத்தில் வரும் கத்தி தெரியுமல்லவா? வயிற்றில் அழுத்தினால் அலகு பிடிக்குள் போய்விடும், பார்ப்பவர்களுக்குக் கத்தி உள்ளே இறங்கிய மாதிரி இருக்கும். அதே சங்கதிதான். ஊசியின் முனை மழுங்கல். தோலில் பட்டதும் சுருக்கென்று ஒரு உணர்ச்சி வரும். மேலும் அழுத்தினால் ஊசித் தண்டு கைப்பிடிக்குள் வழுக்கிப் போகும். வெளியே தெரியும் நீளம் குறைவதால் மீதி உடம்புக்குள் இருப்பதாகக் கண் நம்பும். உள்ளே போகாத ஊசி நிமிர்ந்து நிற்காதே? அதற்காகத் தோலில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையத்தை வைத்து மேலே பிளாஸ்டர் ஒட்டி, அதன் வழியாக ஊசியைச் செருகினார்கள். நிஜ ஊசிக்கும் அதே வளையம், அதே பிளாஸ்டர். இல்லாவிட்டால் வளையமே காட்டிக்கொடுத்துவிடும்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் புள்ளியில், 60 தன்னார்வலர்களுக்கு இரண்டு ஊசிகளையும் போட்டுப் பார்த்தார்கள். நிஜ ஊசியில் தோல் துளைக்கப்பட்டதை உணர்ந்ததாக 54 பேர் சொன்னார்கள். போலி ஊசியில் அப்படிச் சொன்னவர்கள் 47 பேர்! துளைக்கவே துளைக்காத ஊசிக்கு. ஊசி உள்ளே போகாமல் இருந்திருக்கலாம் என்று ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்த தே-ச்சி உணர்ச்சியில் வித்தியாசம் தெரிந்தது: நிஜத்தில் 34 பேர், போலியில் 13 பேர். இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அக்குபஞ்சர் பழக்கமில்லாத ஒருவருக்கு இந்த வித்தியாசம் ஒன்றும் சொல்லாது. ஏற்கெனவே பத்துத் தடவை போய் வந்தவர் ‘என்ன சார், இன்னைக்கு இழுக்கவே இல்லையே’ என்று கேட்டுவிடுவார். ஆகவே இதுவரை அக்குபஞ்சர் எடுத்தே இராதவர்களை மட்டும் சேர்ப்பது பல ஆய்வுகளில் விதி.

ஏறக்குறைய அதே காலத்தில் ஜோங்பே பார்க் என்ற கொரிய ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் இன்னொரு வடிவம் செய்தார்கள். பிளாஸ்டருக்குப் பதில் இருபக்கமும் ஒட்டும் வளையம், அதன்மேல் ஊசியைத் தாங்கும் குழாய். இந்தக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை உண்டு. தலைமுடிக்குள்ளும் விரல் நுனியிலும் காதிலும் வளையத்தை ஒட்டுவது கஷ்டம். சாய்வாகக் குத்தும் முறைக்கும் சரிப்படாது. எந்தப் புள்ளிகளில் போலி நிற்குமோ அந்தப் புள்ளிகளுக்குள் சிகிச்சையையே சுருக்க வேண்டிவரும். அப்போது ‘நாங்கள் நிஜத்தில் இப்படிச் செய்யமாட்டோம்’ என்று வைத்தியர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது.

எனக்கு மிகப் பிடித்த போலி, செலவில்லாத ஒன்று: பல்குச்சி. அமெரிக்காவின் சியாட்டல் பகுதி ஆய்வாளர்கள், செர்கினும் அவர் குழுவும், 638 முதுகு வலிக்காரர்களை வைத்து நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. ஊசியை நேராக இறக்க உதவும் மெல்லிய குழாய்க்குள் பல்குச்சியை விட்டு, தோலில் வைத்து, லேசாகத் தட்டினார்கள். பத்து நிமிடம் கழித்து ஊசியைத் திருகுவது மாதிரி மறுபடி குச்சியால் தொட்டார்கள். கடைசியில் ஊசியை உருவுவது போலவும் நடித்தார்கள். வலி முதுகில், நோயாளி குப்புறப் படுத்திருக்கிறார், பார்க்க வழியில்லை. நோயைத் தேர்ந்தெடுத்ததே போலிக்குப் பாதி வேலையைச் செய்து கொடுத்துவிட்டது. முழங்கால் வலியாக இருந்தால் இந்தப் பல்குச்சி வித்தை முதல் நாளே அம்பலம்.

இன்னொன்றும் செய்தார்கள். எந்தப் புள்ளிகள் என்று நோயைப் பார்த்து எழுதித் தருபவர் ஒருவர், குத்துபவர் வேறொருவர். இந்தப் பிரிவினையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் உதவும்.

எட்டாவது வாரத்தில் முடிவு பார்த்தால், அன்றாட வேலையை வலி தடுக்கும் அளவு ஆளுக்கேற்ற அக்குபஞ்சரில் 4.4, எல்லோருக்கும் ஒரே மாதிரி குத்தியதில் 4.5, பல்குச்சியில் 4.4 குறைந்திருந்தது. வழக்கமான சிகிச்சையோடு மட்டும் இருந்தவர்களுக்கு 2.1. பல்குச்சி ஜெயித்தது என்று சிரிக்கலாம். ஊசி தோற்றது என்றும் சொல்லலாம். ஆனால் வழக்கமான சிகிச்சையைவிடப் பல்குச்சி இரண்டு மடங்கு நல்லது என்பதை யாரும் மருந்துச் சீட்டில் எழுதத் தயாராக இல்லை.

குத்துபவரின் முகம்

இதுவரை நோயாளியை ஏமாற்றுவதைப் பற்றியே பேசினோம். குத்துபவரை என்ன செய்வது? அவருக்குத் தெரியும், தன் கையில் இருப்பது பல்குச்சி என்று. வாயைத் திறக்காமல் இருக்கலாம், ஆனால் முகம், குரல், கை எல்லாம் பேசிவிடும்.

இது வெறும் பயம் இல்லை. 1985இல் லான்செட்டில் வந்த ஒரு சிறு ஆய்வைச் சொல்கிறேன். ஞானப்பல் பிடுங்கியவர்களுக்கு வலிக்காக ஒரு ஊசி மருந்து. அது ஃபென்டனில் என்னும் வலி மருந்தாக இருக்கலாம், வெறும் போலியாக இருக்கலாம், வலியைக் கூட்டக்கூடிய ஒன்றாகவும் இருக்கலாம் என்று நோயாளிகளிடம் சொல்லியிருந்தார்கள். மருத்துவர்களிடம் மட்டும் முதல் கட்டத்தில், ‘இப்போதைக்கு ஃபென்டனில் யாருக்கும் போகாது’ என்றார்கள். இரண்டாவது கட்டத்தில் ‘தடை நீங்கிவிட்டது, இனி அதுவும் வரலாம்’ என்றார்கள். இரண்டு கட்டத்திலும் போலி மட்டும் கிடைத்தவர்களை எடுத்து ஒப்பிட்டால், ஃபென்டனில் கிடைக்க வாய்ப்பே இல்லை என்று மருத்துவர் நினைத்த கட்டத்தில் வலி ஏறியிருந்தது. வாய்ப்பு இருக்கிறது என்று அவர் நினைத்த கட்டத்தில் குறைந்திருந்தது. நோயாளிக்குச் சொன்ன வார்த்தை ஒன்றே. மருத்துவர் மனதில் இருந்தது எப்படியோ கடந்து போயிருக்கிறது.

ஊசியில் இந்தக் கதவை மூட முடியுமா? ஜப்பானைச் சேர்ந்த தகாகுரா, யாஜிமா இருவரும் 2007இல் ஒரு பதில் கொண்டுவந்தார்கள். ஒளி ஊடுருவாத குழாய். ஊசி எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. குழாயின் கீழ்ப்பகுதியில் அடைப்புப் பொருள் ஒன்றைத் திணித்திருப்பார்கள். போலி ஊசியின் முனை தோலைத் தொட்டு நின்றுவிடும். ஆனால் அடைப்பைத் துளைத்துப் போகும்போது கிடைக்கும் எதிர்ப்பு, தசைக்குள் இறங்குவதுபோலக் குத்துபவர் விரலுக்கே தோன்றும். குத்துபவரையே ஏமாற்றும் ஊசி! இப்படி இருபக்கமும் தெரியாமல் செய்வதைத்தான் ‘டபுள் பிளைண்ட்’ என்கிறார்கள். விரலை ஏமாற்றலாம், அனுபவத்தை முழுக்க ஏமாற்றுவது கடினம். நோயாளியிடம் தே-ச்சி வருகிறதா என்று பார்த்தே ஊசியைத் திருப்பிப் பழகியவருக்குத் துப்புக் கிடைத்துவிடும்.

அந்தக் கருவி இல்லாத ஆய்வுகளில் குறைந்தபட்சம் குத்துபவர் என்ன பேசலாம், எவ்வளவு நேரம் பேசலாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடுகிறார்கள். வலியை அளப்பவர் வேறு ஆளாக, யாருக்கு எது போனது என்று தெரியாதவராக இருப்பார். இது அடிப்படை. இதுகூட இல்லாத ஆய்வென்றால் மேலே படிக்கவே வேண்டாம்.

நம்பினார்களா என்று எப்படித் தெரியும்?

கேட்க வேண்டியதுதான். ‘உங்களுக்குக் கிடைத்தது நிஜமா போலியா, என்ன நினைக்கிறீர்கள்?’ பதில்களை எண்ணாக மாற்ற ஒரு எளிய வழி, 2004இல் வந்த பேங் குறியீடு. சரியாக ஊகித்தவர்களின் எண்ணிக்கையிலிருந்து தப்பாக ஊகித்தவர்களைக் கழித்து, மொத்தத்தால் வகுக்க வேண்டும். போலிக் குழுவில் 50 பேர் என்று வைத்துக்கொள்வோம். 30 பேர் நிஜம் என்கிறார்கள், 10 பேர் போலி என்கிறார்கள், 10 பேர் தெரியாது என்கிறார்கள். பத்திலிருந்து முப்பதைக் கழித்து ஐம்பதால் வகுத்தால் −0.4. எல்லோரும் கண்டுபிடித்துவிட்டால் +1, குருட்டாம்போக்கில் ஊகித்தால் 0, எல்லோரும் ஏமாந்தால் −1.

மாத்திரை ஆய்வுகளில் இரண்டு குழுவிலும் 0 வந்தால் திருப்தி. ஊசியில் நாம் ஆசைப்படுவது வேறு: நிஜக் குழுவும் நிஜம் என்று நம்ப வேண்டும், போலிக் குழுவும் நிஜம் என்று நம்ப வேண்டும். அப்போதுதான் நம்பிக்கை இரண்டு பக்கமும் சமம். இந்த எண்ணைக் கட்டுரையில் வெளியிடாத ஆய்வுகளும் ஏராளமாக உண்டு. படிக்கும்போது முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

எப்போது கேட்பது என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. எல்லாம் முடிந்தபின் கேட்டால், வலி குறைந்தவர் ‘அப்படியானால் நிஜம்தான்’ என்பார், குறையாதவர் ‘போலி’ என்பார். அது ஊசியைப் பற்றிய ஊகம் இல்லை, வலியைப் பற்றிய அறிக்கை. அதனால் ஓரிரண்டு தடவை குத்திய உடனேயே, பலன் தெரியுமுன் ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது.

இந்த நம்பிக்கை எவ்வளவு பாரம் சுமக்கிறது என்பதற்கு மேரிலாந்தில் பல் வலியை வைத்துச் செய்த ஆய்வுகள் ஒரு சாட்சி. 2005இல் அவற்றின் தரவுகளை மறுபடி அலசியபோது, நிஜ ஊசிக்கும் போலிக்கும் வலியில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் எது கிடைத்திருந்தாலும், ‘எனக்குக் கிடைத்தது நிஜம்’ என்று நம்பியவர்களுக்கு வலி குறைவாக இருந்தது.

சரி, நோயாளியிடம் ஆரம்பத்தில் என்னதான் சொல்வது? சம்மதம் வாங்காமல் ஆய்வு நடத்த முடியாது. ‘உங்களுக்குப் போலி கிடைக்கலாம்’ என்றால் எல்லோரும் ஒவ்வொரு ஊசியையும் துப்பறிய ஆரம்பித்துவிடுவார்கள். 2005இல் வெளிவந்த ஜெர்மன் ஒற்றைத் தலைவலி ஆய்வில் சொன்னது சாமர்த்தியமானது. இரண்டு வகை அக்குபஞ்சரை ஒப்பிடுகிறோம். ஒன்று சீனாவில் செய்வது போன்றது, மற்றது அந்த விதிகளைப் பின்பற்றாது, ஆனால் அதிலும் ஆய்வுகளில் நல்ல பலன் வந்திருக்கிறது. ஏறக்குறைய இப்படி. ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஆனால் ‘போலி’ என்ற சொல்லையும் காணோம். நோயாளியின் நம்பிக்கையைக் காப்பாற்ற இது தேவை என்பார்கள் ஆய்வாளர்கள். என் கட்சி என்னவென்றால், இது எல்லையைத் தொட்டு நிற்கும் ஒரு வாக்கியம். ஆய்வு முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டால் மன்னிக்கலாம்.

அந்த ஆய்வில் 302 பேர். தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தவர்கள் நிஜக் குழுவில் 51 சதவீதம், போலிக் குழுவில் 53 சதவீதம், சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களில் 15 சதவீதம். நான் அப்புறம் வருகிறேன் என்று சொன்ன முதுகு வலி ஆய்வு 2007இல் வந்தது, 1162 பேர். நிஜத்தில் 47.6 சதவீதம் பேர் தேறினார்கள், மேலோட்டப் போலியில் 44.2, மருந்தும் உடற்பயிற்சியும் சேர்ந்த வழக்கமான சிகிச்சையில் 27.4.

இந்த எண்களை வைத்து ஜெர்மனி என்ன செய்தது தெரியுமா? நாள்பட்ட முதுகு வலிக்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் 2007 முதல் அரசுக் காப்பீட்டில் அக்குபஞ்சரைச் சேர்த்தது. தலைவலிக்குச் சேர்க்கவில்லை. வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டால் அந்த முடிவு நியாயம். போலியோடு ஒப்பிட்டால் புரியாது. எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009இல் முதுகு வலிக்கு அக்குபஞ்சரைப் பரிந்துரைத்தது, 2016இல் போலியைவிட மேலாக இல்லை என்ற வாதத்தோடு எடுத்துவிட்டது, 2021இல் வேறொரு வகை நாள்பட்ட வலிக்கு மறுபடி பரிந்துரைத்தது. ஊசி அதேதான். எதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்பதுதான் மாறிக்கொண்டிருந்தது.

தனித்தனி ஆய்வுகளில் சண்டை தீராததால் 2012இல் 29 ஆய்வுகளின் 17,922 நோயாளிகளின் மூலத் தரவையே ஒன்று சேர்த்து அலசினார்கள். அவர்கள் கொடுத்த உதாரணம் தெளிவானது: நூறுக்கு 60 வலியோடு வருபவர், அக்குபஞ்சர் இல்லாமல் 43க்கு இறங்குவார், போலியில் 35, நிஜத்தில் 30. இந்த எட்டும் ஐந்தும்தான் மொத்தக் கதை. எட்டு, சடங்கும் கவனிப்பும் நம்பிக்கையும் சேர்ந்து தருவது. ஐந்து, அதற்கு மேல் ஊசி தருவது. அல்லது குத்துபவரின் முகத்திலிருந்து கசிந்தது. எது என்று இந்த எண் சொல்லாது. அதே தரவை 2014இல் மறுபடி பார்த்தபோது, தோலைத் துளைக்கும் போலியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் வித்தியாசம் சிறியதாகவும், துளைக்காத போலியோடு ஒப்பிட்டவற்றில் பெரியதாகவும் இருந்தது. துளைக்கும் போலி முழுப் போலி இல்லை என்ற சந்தேகத்துக்கு இது தீனி.

அந்த எட்டை இன்னும் பிரித்துப் பார்த்தவர் ஹார்வர்டைச் சேர்ந்த டெட் கேப்ட்சக். சீன மருத்துவம் படித்தவர், அப்புறம் போலியையே ஆராயப் போனவர். 2008இல் அவர் குழு, குடல் எரிச்சல் நோய் உள்ள 262 பேரை மூன்றாகப் பிரித்தது. யாருக்கும் நிஜ ஊசி கிடையாது என்பதுதான் வேடிக்கை. ஒரு குழு வெறுமனே காத்திருந்தது. இரண்டாவது குழுவுக்குத் துளைக்காத ஊசி. பேச்சு ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. மூன்றாவது குழுவுக்கும் அதே ஊசி, ஆனால் முதல் நாள் 45 நிமிடம் உட்கார்ந்து பேசினார்கள். கனிவாகக் கேட்டார்கள், நோயைப் பற்றி மட்டுமில்லாமல் வாழ்க்கையைப் பற்றியும் விசாரித்தார்கள், நாடியைப் பிடித்தபடி இருபது விநாடி யோசனையோடு மௌனமாக இருந்தார்கள். அந்த இருபது விநாடி மௌனம்கூட ஆய்வுத் திட்டத்தில் எழுதியிருந்தது! மூன்று வாரத்தில் போதுமான அளவு நிவாரணம் என்றவர்கள்: 28, 44, 62 சதவீதம்.

ஆகவே போலியை வடிவமைக்கும்போது ஊசியை மட்டும் கவனித்தால் போதாது. ஒரு குழுவில் வைத்தியர் சிரித்துப் பேசி இன்னொன்றில் அவசரமாகக் குத்திவிட்டுப் போனால், எவ்வளவு உயர்ந்த நாடக ஊசி வைத்திருந்தும் பயனில்லை.

எதை அளக்கிறோம் என்பதும் போலியின் ஒரு பகுதிதான். 2011இல் ஆஸ்துமாக்காரர்களை வைத்து ஒரு ஆய்வு: நிஜ இன்ஹேலர், போலி இன்ஹேலர், போலி அக்குபஞ்சர், ஒன்றுமே இல்லாமல் இருப்பது. எப்படி இருக்கிறது என்று வாயால் கேட்டபோது முதல் மூன்றிலும் ஏறத்தாழ ஒரே முன்னேற்றம். மூச்சுக் காற்றைக் கருவியில் ஊதச் சொல்லி அளந்தபோது நிஜ இன்ஹேலரில் 20 சதவீத முன்னேற்றம், மற்ற மூன்றிலும் 7 சதவீதம்தான். வலிக்கு இப்படி ஊதிப் பார்க்கும் கருவி இல்லை. நோயாளி சொல்வதுதான் அளவு. வலி ஆய்வில் போலி இவ்வளவு கச்சிதமாக இருக்க வேண்டியதற்கு அதுவே காரணம்.

கடைசியாக நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் அக்குபஞ்சர் என்று பலகை வைத்திருக்கும் பலர் ஊசியே எடுப்பதில்லை. நாடி பார்ப்பார்கள், ஒரு புள்ளியை விரலால் தொடுவார்கள், அவ்வளவுதான். ஜப்பானிலும் குழந்தைகளுக்குத் தோலைத் துளைக்காமல் தொட்டும் தடவியும் செய்யும் முறை உண்டு. இவர்களைப் பொறுத்தவரை ஸ்ட்ரைட்பெர்கர் ஊசி போலியே அல்ல, முழுச் சிகிச்சை. அப்படியானால் தொடு சிகிச்சைக்குப் போலி என்ன? இங்கே குத்து இல்லை, ஆழம் இல்லை. மிஞ்சும் உரிமைகோரல் ஒன்றே ஒன்று: அந்த ஆளுக்கு அந்தப் புள்ளி. ஹேகார்த் மாதிரி அதை மட்டும் உருவ வேண்டும்.

ஊசியைவிட இது சுலபம் என்றே நினைக்கிறேன். அனுபவமுள்ள ஒருவர் நாடி பார்த்து, தொட வேண்டிய புள்ளியைச் சீட்டில் எழுதி உறையில் போடட்டும். வேறொருவர், நோயாளியைப் பார்க்காதவர், குலுக்கலில் வந்தபடி அந்தச் சீட்டையே விடுவார் அல்லது பட்டியலில் இருந்து எடுத்த வேறொரு புள்ளியை எழுதி வைப்பார். தொடுபவர் மூன்றாவது ஆள். புள்ளியின் இடம் தெரியும், எந்த நோய்க்கு எந்தப் புள்ளி என்று படித்திராதவர். உறையைப் பிரிப்பார், தொடுவார், சொல்லிக்கொடுத்த நாலு வார்த்தையைப் பேசுவார். அவருக்கும் தெரியாது, படுத்திருப்பவருக்கும் தெரியாது. ஊசியில் ஜப்பான்காரர்கள் அடைப்பு வைத்துக் கஷ்டப்பட்டதை இங்கே ஒரு உறை செய்துவிடுகிறது. குலுக்கலில் வந்த புள்ளி தற்செயலாகச் சரியான புள்ளிக்குப் பக்கத்திலேயே விழுந்தால் என்ன செய்வது என்று மட்டும் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம், இதே சிகிச்சைக்கு ஏற்கெனவே போய் வந்து, தன் புள்ளி எது என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்களைச் சேர்க்கக் கூடாது.